கை நனைத்த வீடு

அக்ஷயா விடுதி மெத்தையையும் சுருட்டிக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறாள் என்பதுதான் கீதாவுக்கு முதலில் உறைத்தது. துணிப்பையோடு வந்தால் விடுமுறை என்று நினைக்கலாம். மெத்தையோடு வந்தால் என்னவென்று நினைப்பது? காரமடைக்கு மேற்கே, மலையைப் பார்த்துக் கிடக்கும் கறிவேப்பிலைக் காட்டில் தழை அறுத்துக்கொண்டிருந்தவள் அரிவாளைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். சித்திரை வெயில் முதுகில் காய்ந்தது. கூட அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தவில்லை. காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

"என்ன அம்மணி, மெத்தையோட வந்திருக்கறே? கடசீப் பரிச்சைக்கு நாள் கெடக்குதே?"

"பரிச்சை எழுதலம்மா. நின்னுக்கறேன்."

"நின்னுக்கறயா?"

"அன்னூர் ரோட்டுல சசிதர் சார் ஷெட்டு இருக்குதல்ல, கறிவேப்பிலையைக் காயவெச்சு வெளிநாட்டுக்கு அனுப்பறாங்களே. லீவுல அங்கதான புராஜெக்ட் பண்ணினேன். டிரையரைப் பாத்துக்கற பொறுப்புக்கு என்னையக் கூப்பிட்டிருக்கறாரு. பெரிய ஆர்டர் வந்திருக்குது, இந்த வாரமே சேரணுங்கறாரு. பரிச்சை முடியட்டும்னா வேற ஆளைப் போட்டுருவாராம்."

"அவரு டிகிரி கேக்கலையா?"

"கேட்டா இப்பவே வரச் சொல்லுவாரா?"

பாப்பாயி அக்கா கட்டு ஒன்றை முழங்காலில் வைத்து இறுக்கியபடியே சொன்னாள். "உடு கீதா, நின்னுக்கட்டும். எங்களுக்கு ஒரு ஆளு கூடுது. இஞ்சினீரு கட்டற கட்டு மேட்டுப்பாளையம் மண்டி வரைக்கும் அவுராம போகும்."

எல்லோரும் சிரித்தார்கள். கீதா சிரிக்கவில்லை.

"உணவுத் தொழில்நுட்பம்னு வாய் வலிக்க வலிக்கச் சொல்லீட்டு வந்திருக்கறேன் ஊரெல்லாம். இத்தனை வருசம் படிச்சுப்போட்டுக் கடசீல நின்னுக்கறேங்கறயே, கிறுக்குப் புடிச்சிருக்குதா?"

"போன வருசம் முடிச்சவியளப் பாரும்மா. பாதிப் பேரு கம்பெனி கூப்புடும் கூப்புடும்னு போனைப் பாத்துட்டு ஊட்டுல உக்காந்திருக்கறாங்க. எங்க சீனியர் அக்கா ஒருத்தி கிராஸ்கட் ரோட்டுத் துணிக்கடையில பில் போடறா."

"பில் போட்டாலும் பட்டத்தை வாங்கிப்போட்டுத்தான போடறா."

"பில்லு மெசினு பட்டத்தைக் கேக்குதாம்மா?"

"மெசினு கேக்காது. நான் கேப்பேன்."

"தெரியும். நீ எனக்காகக் கேக்கறயா? சத்தியமங்கலத்துக்காகக் கேக்கறே." மெத்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அக்ஷயா வீட்டைப் பார்த்து நடந்தாள். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் குனிந்து மளமளவென்று அறுக்கத் தொடங்கினார்கள்.

சத்தியமங்கலத்தில் கீதாவின் அண்ணன் திருமலைசாமி ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். அவர் மகன் மனோஜ்குமாருக்குத்தான் அக்ஷயா என்பது பிள்ளைகள் இருவரும் மண்ணில் விளையாடிய காலத்துப் பேச்சு. பையன் இன்ஜினியரிங் முடித்து பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான் என்று தெரிந்ததும், பேச்சை உறுதி பண்ணிக்கொள்ள கீதாவும் கணவன் சென்னிமலையும் பழத்தட்டோடு அங்கே போனார்கள். அக்ஷயா அப்போதுதான் பன்னிரண்டாவது முடித்திருந்தாள்.

சம்பந்தம் பேசப் போன வீட்டில் பேச்சு முடியும்வரை யாரும் சோறு உண்பதில்லை. ஒத்துவந்தால் இலை போடுவார்கள். இலையில் உட்கார்ந்து உண்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதைக் கை நனைப்பது என்பார்கள். கை நனைத்த பிறகு பேச்சை மாற்றும் வீட்டோடு, சொந்தக்காரர்களான ஒறம்பரையில் ஒருவரும் அதற்கப்புறம் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்று அடுப்படியில் குழம்பு கொதிக்கும் வாசம் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. கீதா நங்கை என்று கூப்பிடும் அண்ணன் மனைவி கோமளா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பையன் ஆபீஸுல அவனவன் டிகிரி படிச்ச புள்ளையாக் கட்டீட்டு வாரான். உங்க புள்ளையை அங்க கூட்டீட்டுப் போயி இவன் என்னன்னு சொல்லுவான்? கறிவேப்பிலைக் கட்டு நல்லாக் கட்டுவான்னு சொல்லச் சொல்றீங்களா?"

திருமலைசாமி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இலை போடப்படவில்லை. பிறந்த வீட்டிலிருந்து பசியோடு அனுப்பப்பட்ட கீதா, புளியம்பட்டி பஸ் நிலையத்தில் கணவன் வாங்கிக் கொடுத்த பன்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு காரமடை வரைக்கும் வந்தாள். மறுவாரமே, காட்டில் தழை நனைத்துக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக இருந்த மகளை இழுத்துக்கொண்டு போய்க் கல்லூரியில் சேர்த்தாள். பட்டம் வாங்குகிற அன்றைக்கு, கறுப்பு அங்கி போட்ட அக்ஷயாவின் படத்தை அண்ணன் கடைக்கு நேர் எதிரில் பிளெக்ஸ் அடித்து வைப்பது என்று அவளுக்குத் தீர்மானம். அதில் என்ன வாசகம் எழுதுவது என்பதை வருடக் கணக்கில் மாற்றி மாற்றி மனதுக்குள் எழுதிவைத்திருந்தாள்.

மகள் மெத்தையோடு வந்த மறுநாள், கல்யாணத் தரகர் அன்புமணி மொபெட்டில் வந்து வாசலில் நின்றார்.

"தங்கச்சி, சத்தியில இருந்து சேதி. பையன் வேலையை உட்டுட்டு வந்துட்டான்."

"உட்டுட்டு வந்தானுங்களா, உட்டாங்களா?"

அன்புமணி குரலைத் தாழ்த்தினார். "கம்பெனிக்காரன் சர்டிபிகேட்டு கேட்டிருக்கறான். இவன் இன்னிக்குத் தாரேன் நாளைக்குத் தாரேன்னு ஓட்டியிருக்கறான். கடசீல பாத்தா கணக்குப் பேப்பர் அரியராம். படிப்பை முடிக்கவே இல்லை. அனுப்பிப்போட்டாங்க. நாயித்துக்கெழமை உங்க அண்ணன் குடும்பத்தோட வாராரு. நம்ம அக்ஷயாவைக் கேட்டு."

கீதாவுக்கு உள்ளங்கால் வரைக்கும் குளிர்ந்தது. அவருக்குக் காப்பி வைத்துக் கொடுத்தாள். இன்னொரு தம்ளரும் வைத்துக் கொடுத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம், போளி போலத் தட்டும் ஒப்புட்டுக்குப் பருப்பு வேகவைத்து, வெல்லம் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அக்ஷயா தேங்காய் துருவினாள்.

"இவியளுக்கு எதுக்கும்மா ஒப்புட்டு? வேண்டாங்கறதுன்னா வாசல்லயே சொல்லி அனுப்பு."

"வாசல்ல சொன்னா வாசலோட போயிரும். என்னையப் பசியோட அனுப்பினா அவ. நான் அவளை வயிறு முட்ட உண்ண வெச்சு, ஏப்பம் உடறப்பச் சொல்லுவேன். ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் அந்த ஒப்புட்டு நெஞ்சுலயே நிக்கோணும்."

"பேச்சு முடியாம இலை போடக் கூடாதும்மா. கை நனைச்சா..."

"கை நனைச்சா உண்டவதான் கட்டுப்படறா. சோறு போட்டவளுக்கு என்ன கட்டு? நீ தேங்காயைப் பாத்துத் துருவு."

"அப்பாகிட்டச் சொன்னயா?"

"அந்த மனுசன்கிட்டச் சொன்னா இன்னிக்கே போன் பண்ணி அண்ணனை வரவேண்டாம்னு சொல்லிப்போடுவாரு. நீயும் வாயத் தொறக்காதே. அந்த மெத்தையை உள்ரூம்புல போடு. நீ படிப்பை உட்டது அவிய கண்ணுல படக் கூடாது."

"நாலு நாளா நான் சசிதர் சாருக்குப் பதில் சொல்லாம நிக்கறேம்மா."

"நாயித்துக்கெழமை தாண்டட்டும்."

ஞாயிறு காலையில் கார் வந்தது. திருமலைசாமி, கோமளா, மனோஜ்குமார், சாட்சிக்கு அன்புமணி. சென்னிமலைக்கு உண்மையிலேயே சந்தோஷம். மைத்துனரின் கையைப் பிடித்து அழைத்துவந்து கட்டிலில் உட்கார வைத்தார். இத்தனை வருடம் கழித்து மனைவிக்கு மனசு இறங்கிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார். மனோஜ் தலையை நிமிர்த்தவில்லை.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க மாப்ள" என்று திருமலைசாமி ஆரம்பித்தார். "சொந்தம் உட்டுப்போகக் கூடாது. பையன் இனி கடையைப் பாத்துக்குவான்."

கோமளா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லிப்போடறோமுங்க. புள்ள கடசீப் பரிச்சையை எழுத வேண்டாம். டிகிரி வாங்கின புள்ள டிகிரி இல்லாதவனைக் கட்டுச்சுன்னு நாளைக்கு ஒரு வாய் சொல்லப்படாது பாருங்க. ரெண்டு பேரும் சரிக்குச் சரியா இருந்தாத்தான் குடும்பம் ஓடும். அவ பட்டம் வாங்கறதா இருந்தா எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாங்க."

நிலைக்கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அக்ஷயாவுக்குச் சிரிப்பு வந்தது. தான் தானாக விட்டுவிட்டு வந்ததை இவர்கள் நிபந்தனையாகப் போட்டுக் கேட்கிறார்கள்.

சென்னிமலை மனைவியைப் பார்த்தார். கீதா முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"அதெல்லாம் இருக்கட்டுங்க நங்கை. மொதல்ல வந்து இலையில உக்காருங்க."

கோமளா ஒரு கணம் கீதாவைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து வந்து உட்கார்ந்தாள்.

அரிசியும் பருப்புஞ்சோறு, அதன்மேல் ஒழுக ஒழுக நெய், தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு, செலவு ரசம், கட்டித் தயிர். ஒப்புட்டுக்குத் தேங்காய்ப்பால். கீதா யாரையும் பரிமாற விடவில்லை. நங்கை இலையில் தன் கையாலேயே ஒப்புட்டை வைத்தாள். வேண்டாம் என்று கை குறுக்கே வந்தபோது அதை விலக்கிவிட்டு இன்னொன்று வைத்தாள். சென்னிமலையும் மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்து உண்டார்.

கை கழுவுமிடத்தில் அக்ஷயா தண்ணீர் ஊற்றியபோது மனோஜ் மெதுவாகச் சொன்னான். "நான் அரியரை எழுதலாம்னுதான் இருந்தேன், அக்ஷயா. அம்மாதான் இனி எதுக்குன்னுட்டாங்க."

"அஞ்சு வருசமா எழுதலாம்னுதான இருக்கறீங்க, மச்சான்" என்றாள். அவன் ஈரக் கையோடு போய்விட்டான்.

எல்லோரும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தபின் கீதா நடுவில் வந்து நின்றாள்.

"நங்கை, ஒப்புட்டு நல்லா இருந்துதுங்களா?"

"தேனாட்டம் இருந்துது அம்மணி."

"அப்ப நாக்குல ருசி இருக்கறப்பவே கேட்டுக்குங்க. என்ற புள்ளையை உங்க ஊட்டுக்குக் குடுக்கறதா இல்லைங்க. பட்டம் வாங்கறவளுக்கும் கணக்குல பெயிலானவனுக்கும் ஒத்துவராதுங்க."

திருமலைசாமி மறுபடியும் மின்விசிறியைத் தேடினார். அந்த வீட்டுக் கூடத்தில் மின்விசிறி இல்லை. கோமளா மட்டும் அசையவில்லை. விரல்களைத் தலைப்பில் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

"அன்புமணி அண்ணா. நாங்க கேட்டதுக்கப்பறந்தான இலை போட்டாங்க?"

"ஆமாங்க."

"பரிச்சை எழுதப்படாதுன்னு சொன்னதுக்கும் அப்பறந்தான?"

"ஆமாமுங்க."

"நானா எடுத்துத் தின்னேனுங்களா, அவியளா பரிமாறினாங்களா?"

அன்புமணி தொண்டையைச் செருமினார். "அம்மணிதான் பரிமாறுச்சுங்க. சென்னிமலை மாப்ளையும் கூட உக்காந்து உண்டாரு."

"அப்ப கை நனைச்சாச்சு." கோமளா தான் கொண்டுவந்த கூடையிலிருந்து வெற்றிலையை எடுத்துச் சென்னிமலையின் முன் வைத்தாள். "ஆவணியில மொத முகூர்த்தம். இல்லைங்கற பேச்சை வேணும்னா நீங்களே ஒறம்பரைக்குள்ள சொல்லிப் பாருங்க. இலை போட்டு, நெய் ஊத்தி, அப்பறம் இல்லைன்னோம்னு சொல்லுங்க. யாரு உங்க வாசப்படி ஏறி வாராங்கன்னு பாக்கறேன்."

உண்டவளை அவமானப்படுத்தத் தெரிந்த கீதாவுக்கு, இலை போட்டதே பதில் என்பது தெரியாமல் போய்விட்டது. கார் கிளம்பி மண்சாலைத் தூசி அடங்கும்வரை சென்னிமலை வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரல் உயர்த்திப் பேசுகிறவரல்ல.

"உன்ற ரோசத்துக்கு என்ற புள்ளையை இலையில வெச்சுக் குடுத்துட்டே, கீதா."

"நான் எங்கீங்க குடுத்தேன்? இல்லைன்னுதான சொன்னேன்."

"நானும் உண்டேன். எனக்கு ஒரு வார்த்தை சொன்னயா? சொல்லியிருந்தா அந்த இலையில உக்காந்திருப்பனா? கை நனைச்சப்பறம் மாத்திப் பேசறதுக்கு என்னால ஆவாது."

எச்சில் இலைகளை எடுத்துக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு அக்ஷயா உள்ளே வந்தாள். கை கழுவிவிட்டு, கட்டிலில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க வாக்குத் தவற வேண்டாங்க. அவிய என்ன சொன்னாங்க? நான் பட்டம் வாங்கறதா இருந்தா சம்பந்தம் வேண்டாம்னாங்க. அவிய வாயாலயே சொன்னாங்க, அன்புமணி மாமனும் கேட்டிருக்கறாரு. நான் போயி எழுதிப்போடறேன். வேண்டாங்கற வார்த்தையை அவியளே சொல்லட்டுங்க."

கீதாவின் முகம் மலர்ந்தது. "என்ற கண்ணு! அதத்தான நானும் மொதல்ல இருந்து..."

"நீ பேசாதே." அக்ஷயா அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனை எடுத்து அங்கேயே, இருவர் காதிலும் விழும்படி பேசினாள். "சார், அக்ஷயா பேசறனுங்க. என்னால இப்ப வர முடியாதுங்க சார். பரிச்சை எழுதப் போறனுங்க... இல்லைங்க சார், எனக்கு ஆசைதானுங்க... வேற ஆளுங்களா? எங்கூட ஸ்கூல்ல படிச்ச பூஜிதான்னு ஒரு புள்ள இருக்குதுங்க. பன்னெண்டாவதுதான். ஆனா கையி சுத்தமுங்க, சொன்னாப் புடிச்சுக்குவா. நான் அவளுக்குச் சொல்லி அனுப்பறனுங்க."

போனை வைத்தபோது அவள் கண் ஓரம் சிவந்திருந்தது. மெத்தையைத் திரும்பவும் சுருட்டினாள். கட்டுவதற்குக் கயிறு நீட்டிய அம்மாவின் கையிலிருந்து கயிற்றை வாங்காமல், துப்பட்டாவாலேயே கட்டினாள்.

"எனக்குப் புடிச்ச வேலை ஒண்ணு இருந்துதும்மா. அதுக்கு இந்தப் படிப்பு வேண்டியிருக்கல. இப்ப உன்ற ஒப்புட்டுல இருந்து தப்பிக்கறதுக்கு அது வேண்டியிருக்குது. எழுதறேன். ஆனா உனக்காக எழுதறேன்னு நெனச்சுப்போடாதே."

ஆனி மாதம் முடிவு வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கறிவேப்பிலைச் செடிகளைத் தரையோடு சாய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள் சத்தியிலிருந்து போன் வந்தது. கீதா ஓடிவந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். அக்ஷயா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனம்மணி, பரிச்சை எழுதினேன்னு அன்புமணி சொல்றாரு? நெசமா?" கோமளாவின் குரல்.

"எழுதினனுங்க அத்தை."

"அன்னிக்கு அத்தனை சொல்லியும் எழுதினயா?"

"எழுதி முடிச்சு, எல்லாத்துலயும் பாஸாயிட்டனுங்க அத்தை. டிஸ்டிங்ஷனுங்க. அப்பா இன்னும் வாக்கை மாத்தலீங்க. ஆவணியில முகூர்த்தம்னீங்களே, மண்டபம் பாத்தாச்சுங்களா?"

கோமளா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "எங்களுக்கு வேண்டாம் அம்மணி. டிகிரிக்காரி எங்க ஊட்டுக்கு வேண்டாம். உங்கொப்பன்கிட்டச் சொல்லீரு."

"நீங்களே சொல்லிப்போடுங்க, அப்பா இங்கதான் இருக்கறாரு. அப்பறமுங்க அத்தை, மனோஜ் மச்சானுக்குக் கணக்குப் பேப்பர்தான அரியரு? எனக்கும் அதே கணக்குத்தானுங்க. என்ற நோட்டு பத்திரமா இருக்குது. வேணுங்கன்னா பஸ்ஸுல குடுத்து அனுப்பட்டுங்களா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. கீதா கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இன்னொருக்கா சொல்லு கண்ணு, அந்த நோட்டுச் சங்கதியை மட்டும் இன்னொருக்கா சொல்லு" என்று கெஞ்சினாள். அக்ஷயா சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

சரவணம்பட்டியில் ஒரு பெரிய உணவுக் கம்பெனியிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய ஆபீஸ், கழுத்தில் அட்டை. கீதா அந்த அட்டையைக் கனவிலேயே பார்த்துவிட்டாள். அக்ஷயா போகவில்லை. சசிதர் ஷெட்டுக்குப் போய்க் கேட்டாள். டிரையர் பொறுப்பில் இப்போது பூஜிதா இருக்கிறாள், நன்றாகவே பார்த்துக்கொள்கிறாள், அவளுக்குக் கீழே தழை பார்த்து வாங்கும் வேலைதான் காலி என்றார் அவர். அது போதும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

"பூஜிதா கைக்குக் கீழயா?" கீதா எழுந்து நின்றுவிட்டாள். "அவ பன்னெண்டாவது!"

"அன்னிக்கு அவரு கூப்பிட்டப்ப நானும் பன்னெண்டாவதுதான். அப்பவே உட்டிருந்தா இந்நேரம் ஷெட்டையே நான் பாத்துட்டிருந்திருப்பேன்."

"ஊருல கேட்டா என்னன்னு சொல்லுவேன்? பட்டம் வாங்கி என்ன பண்றாள்னு கேப்பாங்களே?"

"பட்டத்துகிட்ட நீ கேட்ட வேலை ஒண்ணுதான். அது முடிஞ்சுபோச்சும்மா. சத்திக்காரி வேண்டாம்னு சொல்லீட்டா. இனி நான் பாக்கறது என்ற வேலை."

ஆடியில் சாரல் பிடித்துக்கொண்டது. மேட்டுப்பாளையம் மண்டியில் தழை தேங்கிக் கிடந்ததால் கேரள வியாபாரிகள் எடுக்கவில்லை. அறுத்த தழையைப் போட்டுவைக்க முடியாது. வேறு வழியில்லாமல் கீதாவும் சென்னிமலையும் டெம்போவில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அன்னூர் ரோட்டுக்கு வந்தார்கள்.

பூஜிதா மேசையிலிருந்து எழுந்து, "வாங்கத்தை, வாங்க மாமா" என்றாள். "அக்ஷயா, இங்க வா. உங்க லோடு."

தலையில் வலைத்தொப்பியும் கையுறையுமாக அக்ஷயா வந்தாள். கீதா அவளைப் பார்த்துச் சிரித்தாள். அக்ஷயா மூட்டையை அவிழ்த்து, கையை அடிவரைக்கும் விட்டு ஒரு பிடி அள்ளினாள். முகர்ந்தாள். உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"உள்ள ஈரமா இருக்குதுங்க. எடுக்க முடியாதுங்க."

பெற்றவளிடம் அவள் அந்த 'ங்க'வைப் போட்டதை டெம்போ டிரைவரும் கவனித்தான்.

"சாரல்ல நனைஞ்சது கண்ணு. நெழல்ல கொட்டினா பொழுதுக்குள்ள காஞ்சுபோகும்."

"கொட்டறதுக்கு எடமில்லைங்க."

அவளுக்குப் பின்னால் சிமெண்டுத் தளம் கூட்டிப் பெருக்கி, வெறுமையாகக் கிடந்தது. பூஜிதா தர்மசங்கடத்தோடு தோழியின் கையைத் தொட்டாள். "அம்மா லோடு அக்ஷயா, வாங்கிக்கலாம் உடு. நேத்து வந்த லோடையும் இப்படித்தான எடுத்துக் காயவெச்சோம்?"

"நேத்து எடுத்தது தப்புங்க மேடம். இன்னிக்கு அந்தத் தப்பைப் பண்ண வேண்டாம்." மேடம் என்பதை மட்டும் அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மூட்டையின் வாயைப் பழையபடி இறுக்கிக் கட்டினாள். நல்ல முடிச்சு. "அடுத்த வண்டி நிக்குதுங்க. கொஞ்சம் எடத்தை உடுங்க."

திரும்பும்போது டெம்போவின் முன்பக்கத்தில் டிரைவரை ஒட்டி இருவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. சென்னிமலையின் உதட்டோரம் சிரிப்பில் துடித்துக்கொண்டே வந்தது. கடைசியில் அடக்க முடியாமல் சொன்னார்.

"கோமளா புள்ளையா அது? உன்ற ரோசம் அப்படியே இருக்குது. நீ பெத்ததுதான்."

கீதா மடியில் ஒட்டியிருந்த இணுக்கு ஒன்றை எடுத்து விரலால் நசுக்கினாள். ஈரம் இருக்கத்தான் செய்தது.

"வண்டியை ஊட்டுக்கு உடாதீங்க. நேராக் காட்டுக்கு உடச் சொல்லுங்க."

"இந்த மழையில காட்டுல என்ன?"

"இதைக் கொண்டுபோய்க் குப்பைக்குழியில கொட்டோணும். பாப்பாயி அக்காகிட்டயும் மத்தவியகிட்டயும் இன்னிக்கே சொல்லிப்போடோணும். மழை விட்டு, வெயிலேறி, தழை சருகாட்டக் காஞ்சப்பறந்தான் இனி அரிவாளைத் தொடறது. மறுக்கா இதே ஷெட்டுக்குத்தான் கொண்டுபோறேன்." இணுக்கைச் சன்னல் வழியாக எறிந்தாள். "அடிமூட்டை வரைக்கும் கைய உட்டுத் தேடட்டும். ஒரு எலையில ஈரம் இருக்குதுன்னு சொல்லட்டும் பாக்கறேன், அப்பறம் இருக்குது அவளுக்கு."